கருவாட்டு மூளையும் அப்பாவின் ஆட்டமும்

ஆசிரியை மேசையிலிருந்து...



சென்ற மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கலையும் நேரத்தில், ஒரு தாயார் என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், எங்க பையன் செஸ் நல்லா ஆடுறானாம். கம்ப்யூட்டர்ல 'எஞ்சின்' ஒன்னு போட்டுக் கொடுத்தா பெரிய ஆளா வருவான்னு சொல்றாங்க. பட்டணத்துல ஒரு கடையில கேட்டோம். நூற்றெண்பது வெள்ளி ஆகுமாம். போடலாங்களா?" என்று கேட்டார்.

நூற்றெண்பது வெள்ளி! வெயிலில் குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிற கைக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தத் தாயாருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். எஞ்சினைத் தாராளமாகப் போடலாம். ஆனால் அதற்காக ஒரு காசும் கொடுக்க வேண்டாம். வீட்டில் பழைய கணினி ஒன்று இருந்தால் போதும், நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் போட்ட பிறகு என்ன செய்யக்கூடாது என்றும் ஒன்று இருக்கிறது. அதை நான் ஒரு பிள்ளையின் கண்ணீரில்தான் கற்றுக்கொண்டேன். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் கணினி படித்தவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்கு வந்தவள். சதுரங்கக் கழகத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சதுரங்கம் என்று நாம் சொல்வதும், மலாய்க்காரர்கள் 'சாத்தூர்' என்று சொல்வதும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தாம். அந்த அளவுக்கு நம் மண்ணோடு ஒட்டிய விளையாட்டு அது.

எங்கள் கழகத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். இளவயதில் மணிமன்றக் கொட்டகையில் சதுரங்கம் பழகியவர். சாயங்காலம் குளித்துவிட்டு, தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, அஞ்சடியில் பலகையை விரித்து மகளோடு உட்காருவார். அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே குதிரை எப்படிப் பாயும் என்று தெரிந்துகொண்டவள். மாவட்டப் போட்டிக்கு அவளைத் தயார்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. பள்ளியில் ஒரு மூலையில் கிடந்த பழைய கணினியைத் துடைத்து வைத்தேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ஏடு, மற்றொன்று மூளை. ஏடு என்பது ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தள நிரல். பலகையைக் காட்டும், ஆடிய ஆட்டத்தை எழுதி வைக்கும், பழைய ஆட்டத்தைத் தேடிக் கொடுக்கும். ஆனால் எது நல்ல ஆட்டம், எது கெட்ட ஆட்டம் என்று அதற்குத் தெரியாது. மூளை என்பது எஞ்சின். அதற்குக் கணக்குப் போடத்தான் தெரியும். காட்டுவதற்குப் பலகை கிடையாது. இரண்டையும் இணைத்து வைப்பதற்குத்தான் கடைக்காரர் நூற்றெண்பது வெள்ளி கேட்டார்.

ஏட்டுக்கு நான் எடுத்தது 'சிட் வெர்சஸ் பிசி' என்னும் இலவச நிரல். ஷேன் ஹட்சன் என்பவர் தொடங்கிய 'சிட்' என்ற நிரலிலிருந்து கிளைத்தது இது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வரும் 'செஸ்பேஸ்' புகழ்பெற்றதுதான். ஆனால் விலைக்கு வாங்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச ஏடே தாராளம்.

மூளைக்கு எடுத்தது 'ஸ்டாக்ஃபிஷ்'. இந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் அர்த்தம் கேட்டார்கள். ஸ்டாக்ஃபிஷ் என்றால் காற்றில் உலர்த்திய மீன், அதாவது கருவாடு! இதை உருவாக்கியவர்களில் ஒருவர் நார்வே நாட்டவர், இன்னொருவர் இத்தாலிக்காரர். நார்வேயில் உலர்த்தி இத்தாலியில் சமைத்தது என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தக் 'கருவாடு' இன்று உலகத்தின் மிக வலிமையான எஞ்சின்களில் ஒன்று. 1997ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் உலக வெற்றியாளர் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று தோற்கடித்த 'டீப் புளூ' இயந்திரம் ஆள் உயர அலமாரிகளில் அடைத்து வைத்த பெரிய இயந்திரம். இன்று நம் மேசைமேல் இருக்கும் பழைய கணினியில் ஓடும் இந்த இலவசக் கருவாடு அதைவிடப் பலசாலி. காலம் செய்யும் கோலத்தைப் பாருங்கள்!

இனி வேலைக்கு வருவோம். ஸ்டாக்ஃபிஷை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கண்ட இடத்தில் இறக்கினால் கிருமியும் சேர்ந்து வரும். அது ஜிப் பொட்டலமாக வரும். பொட்டலத்தை அவிழ்த்து, ஒரு கோப்புறையில் வைத்துவிட்டு, அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவிழ்க்காமல் உள்ளிருந்தபடியே வேலை வாங்கப் பார்த்தால் நடக்காது.

இங்கே இரண்டு இடங்களில் நான் தடுக்கி விழுந்தேன். முதலாவது, எஞ்சின் கோப்பை இரண்டு முறை தட்டித் திறந்தேன். கறுப்புச் சன்னல் ஒன்று வந்தது. அதில் எஞ்சினின் பெயர் ஒரு வரி. பிறகு ஒன்றும் இல்லை. கணினி கெட்டுப்போயிற்று என்று பயந்தேபோனேன். கெடவில்லை. அது கட்டளைக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். மூடிவிடலாம். கட்டளை கொடுப்பது நம் வேலை அல்ல, ஏட்டின் வேலை.

இரண்டாவது, இறக்கும் இடத்தில் எஞ்சினுக்குப் பல வகைகள் இருந்தன. நான் பேராசையோடு மிக வேகமானது என்று போட்டிருந்த 'ஏவிஎக்ஸ்2' வகையை எடுத்தேன். ஏட்டில் இணைத்ததும் தொடங்கிய வேகத்தில் அணைந்துபோனது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காரணம் விளங்கியது. அந்த வகைக்குப் புதிய கணினிகளின் சில்லுகளில் மட்டுமே உள்ள கட்டளைகள் தேவை. எங்கள் பள்ளிக் கிழவிக்கு அந்த வித்தை தெரியாது. கொஞ்சம் பழைய 'பாப்கவுன்ட்' வகையை இறக்கினேன், உடனே ஓடியது. உங்களுக்கும் எஞ்சின் தொடங்கியதும் அணைந்தால், கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். ஒரு படி பழைய வகையை எடுத்துப் பாருங்கள்.

இணைப்பது எப்படி? ஏட்டைத் திறந்து 'டூல்ஸ்' என்ற பட்டியலில் 'அனாலிசிஸ் எஞ்சின்ஸ்' என்பதைத் தட்டுங்கள். வரும் சன்னலில் 'நியூ' என்பதைத் தட்டினால் ஒரு படிவம் விரியும். பெயருக்கான கட்டத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்று எழுதுங்கள். 'கமாண்ட்' என்னும் கட்டத்தில், நீங்கள் அவிழ்த்து வைத்த எஞ்சின் கோப்பைத் தேடிக் காட்டுங்கள். 'யூசிஐ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேமியுங்கள். முடிந்தது வேலை. பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் சற்று மாறலாம், வழி இதுதான்.

அதென்ன யூசிஐ? ஏடும் எஞ்சினும் பேசிக்கொள்ளும் பொதுமொழி. 2000ஆம் ஆண்டில் வகுத்தார்கள். காலையில் நடக்கும் பிரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கங்காணி பெயரைக் கூப்பிடுவார். ஆள் 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தால்தான் நிரை போடுவார். ஏடும் அப்படித்தான். முதலில் எஞ்சினைக் கூப்பிடும். எஞ்சின் தன் பெயரைச் சொல்லி, தயார் என்று பதில் கொடுக்கும். பிறகு ஏடு, 'காய்கள் இப்படி நிற்கின்றன, யோசி' என்று சொல்லும். எஞ்சின் யோசித்து, 'இதுவே நல்ல நகர்த்தல்' என்று திருப்பிச் சொல்லும். பிரட்டுக்குப் பதில் வராவிட்டால் ஏடு பிழை என்று காட்டிவிடும். அப்போது கோப்பு இருக்கும் இடம் சரியா, வகை சரியா, யூசிஐ தேர்ந்தெடுத்தோமா என்ற மூன்றையும் பாருங்கள்.

அடுத்தது அமைப்புகள். எல்லாவற்றையும் தொடவேண்டாம், மூன்று போதும். 'திரெட்ஸ்' என்பது எத்தனை ஆள் வேலை செய்யவேண்டும் என்ற கணக்கு. கணினியின் மையங்களில் ஒன்றைக் குறைத்துக் கொடுங்கள். இரண்டு இருந்தால் ஒன்று, நான்கு இருந்தால் மூன்று. 'ஹேஷ்' என்பது எஞ்சின் கணக்கெழுதும் சிலேட்டு. தானாக இருப்பது 16 மெகாபைட்; சின்னச் சிலேட்டு. 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் 256 வைக்கலாம். அளவுக்கு மீறி வைத்தால் கணினியே திணறிப்போகும். 'மல்டிபிவி' என்பது எத்தனை நல்ல வழிகளைக் காட்டவேண்டும் என்பது. அதை மூன்றாக வையுங்கள். ஒரே வழியைக் காட்டினால் பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். மூன்றைக் காட்டினால், 'ஓ, வேறு வழியும் உண்டு' என்று தெரியும்.

'ஸ்கில் லெவல்' என்று 0 முதல் 20 வரை ஒன்று இருக்கும். எஞ்சினோடு பிள்ளை விளையாடும்போது அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை ஆராயும்போது 20இல்தான் இருக்கவேண்டும். குறைத்துவிட்டு மறந்துபோனால் எஞ்சின் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லும்.

எஞ்சின் ஓடும்போது எண் ஒன்று தெரியும். கூட்டல் என்றால் வெள்ளைக்கு நல்லது. கழித்தல் என்றால் கறுப்புக்கு நல்லது. சுழியத்தை ஒட்டி இருந்தால் சமம். 2022 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து, கூட்டல் 1.00 என்று காட்டினால் வெள்ளை வெல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அர்த்தம். ஆனால் கவனியுங்கள்! இருபக்கமும் எஞ்சினே ஆடினால் என்ற கணக்கு அது. உங்கள் மகனும் என் மாணவியும் ஆடினால் என்ற கணக்கு அல்ல.

இந்தக் கடைசி வரியை நான் அன்றே அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவள் கணினியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நானும் பூரித்துப்போனேன். பழைய மடிக்கணினி ஒன்றில் அதையே போட்டு வீட்டுக்கும் கொடுத்துவிட்டேன். பலகையில் காயை நகர்த்துவாள், எண்ணைப் பார்ப்பாள், கழித்தல் வந்தால் திரும்ப எடுத்துவிடுவாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளை காயைத் தொடாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் ஓடித் தோற்றாள். வெளியே வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "டீச்சர், நான் நல்லா இருக்கேனா இல்லையான்னே எனக்குத் தெரியல டீச்சர். நம்பர் இல்லையே!"

என்னால் பதில் பேச முடியவில்லை. முன்பெல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை நான்தான் பிடுங்கிவிட்டேன்.

அந்த வாரம் சில்லறைக் கடையில் அவளுடைய தாயாரைப் பார்த்தேன். "இப்பல்லாம் அவங்கப்பா பலகையை எடுக்கிறதே இல்ல டீச்சர். 'நீங்க ஆடுறதெல்லாம் மைனஸ் ரெண்டுப்பா'ன்னு சொல்லிட்டா. அவரு சிரிச்சிட்டாரு. மறுநாளு பலகையைத் தூக்கி அலமாரி மேல வச்சிட்டாரு," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கோ முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பகல் முழுதும் குலை வெட்டிவிட்டு வந்த மனிதருக்கு மகளோடு இருந்த ஒரு மணி நேரத்தையும் என் மடிக்கணினி வாங்கிக்கொண்டதே!

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, தப்பு என்மேல. பலகையைக் கொஞ்சம் இறக்குங்க," என்றேன். அவர் கூச்சத்தோடு இறக்கினார். அவள் தோற்ற முதல் ஆட்டத்தை, எஞ்சினைத் தொடங்காமல், தாளைப் பார்த்துப் பலகையில் நகர்த்தினோம். நான்காவது நகர்த்தலில் எதிரி தன் நடுச் சிப்பாயைக் காவலில்லாமல் விட்டிருந்தான். இவள் குதிரையால் இ5 கட்டத்தில் அதை வெட்டினாள். எதிரியின் ராணி ஜி5க்கு வந்தது. இவள் குதிரையால் எஃப்7 சிப்பாயையும் வெட்டினாள். எதிரி ராணி ஜி2 சிப்பாயை எடுத்து யானையைத் தாக்கியது. இவள் யானையை நகர்த்த, ராணி இ4 சிப்பாயை எடுத்து 'செக்' வைத்தது. இவள் மந்திரியைக் குறுக்கே வைத்தாள். குதிரை எஃப்3க்குப் பாய்ந்தது. ராஜா அசைய இடமில்லை. ஏழே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. இது பழைய பொறி. பல பிள்ளைகள் விழுந்திருக்கிறார்கள்.

"எங்கேம்மா தப்பு?" என்று கேட்டேன். அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். அவளுடைய அப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஓசியில ஒருத்தன் காயைக் கொடுத்தா, வாங்குறதுக்கு முன்னால அவன் பின்னால என்ன வச்சிருக்கான்னு பார்க்கணும் தாயி."

அதற்குப் பிறகுதான் எஞ்சினைத் தொடங்கினோம். சிப்பாயை வெட்டாமல், டி4இல் நின்ற எதிரியின் குதிரையை வெட்டியிருந்தால் கூட்டல் என்றது. ஏன் என்று அது சொல்லவில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. நாம் ஆடிய தவறான நகர்த்தலைப் பலகையில் வைத்துவிட்டு, எஞ்சின் என்ன பதில் தருகிறது என்று பார்க்கவேண்டும். வைத்தோம். 'ராணி ஜி5' என்று காட்டியது. ஒரே அடியில் குதிரைக்கும் ஜி2 சிப்பாய்க்கும் குறி! "அப்பா சொன்னதுதான்!" என்று பிள்ளை கத்தினாள். எஞ்சின் கொடுத்தது எண். அப்பா கொடுத்தது புத்தி. அந்தப் புத்தி இந்தப் பொறிக்கு மட்டுமல்ல, எல்லாப் பொறிக்கும் உதவும்.

அன்று மூன்று விதிகள் வைத்தோம். முதலாவது, ஆட்டத்தை ஏட்டில் பதியும்போது எஞ்சின் தூங்கவேண்டும். குழப்பமாக இருந்த மூன்று இடங்களில், தான் என்ன நினைத்தேன் என்று பிள்ளையே பென்சிலால் எழுதவேண்டும். இரண்டாவது, அந்த மூன்று இடத்தையும் ஒரு மனிதரோடு பேசவேண்டும். அப்பா, அண்ணன், கூடப் படிக்கும் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. மூன்றாவது, அதன்பிறகே எஞ்சின். அதுவும் அந்த மூன்று இடத்துக்கு மட்டும். நம் நகர்த்தலுக்கு அது என்ன பதில் தருகிறது என்று பார்த்து, காரணத்தை ஒரே வரியில் தமிழில் எழுதவேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். சென்னைப் பிள்ளை குகேஷை அவருடைய தொடக்ககாலப் பயிற்சியாளர் பல ஆண்டுகள் எஞ்சினை அண்டவிடாமல் வளர்த்தார். அந்தக் குகேஷ், 2024 டிசம்பர் 12ஆம் நாள், ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், சீனாவின் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று, 18 வயதில் உலக வெற்றியாளர் ஆனார். கடைசியான 14ஆவது ஆட்டத்தில், ஒரே ஒரு சிப்பாய் அதிகம். எஞ்சின்கள் எல்லாம் 'சமம், சமம்' என்று காட்டிக்கொண்டிருந்தன. பிள்ளை விடவில்லை. பலமணி நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். மூன்று நகர்த்தலில் எல்லாம் முடிந்தது. எண்ணைப் பார்த்துக் கைகுலுக்கியிருந்தால் அந்தப் பட்டம் கிடைத்திருக்குமா? இந்தக் கதையை என் மாணவிக்குச் சொன்னபோது அவள் கண் விரிந்ததை இன்னும் மறக்கவில்லை.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போட்டிக் கூடத்துக்குள் கைப்பேசியைக் கொடுத்தனுப்பாதீர்கள். எஞ்சின் கைப்பேசியிலும் ஓடும் காலம் இது. அதனால், அணைத்துப் பையில் வைத்திருந்தாலும் நடுவர் அனுமதி இல்லையென்றால் ஆட்டம் பறிபோய்விடலாம். கள்ளம் செய்யாத பிள்ளைக்கும் களங்கம் வந்துவிடும்.

மறு ஆண்டு அவள் ஆறாம் ஆண்டில் மீண்டும் போட்டிக்குப் போனாள். ஆறு ஆட்டத்தில் மூன்றரைப் புள்ளி. கோப்பை இல்லை, பதக்கமும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் ஓடிவந்து, "டீச்சர், இந்த இடத்துல நான் நல்லா இருந்தேன், இந்த இடத்துல விட்டுட்டேன்," என்று அவளே சொன்னாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தாள். "இதை அப்பாகிட்ட காட்டணும்."

ஆகவே தாய்மார்களே, தந்தையர்களே, நூற்றெண்பது வெள்ளியைப் பிள்ளையின் புத்தகத்துக்கும் காலணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓசியிலேயே போடுங்கள். தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நானும் மூன்று நாள் தடுமாறியவள்தான். ஆனால் மூளையைப் பெட்டிக்குள் வைத்த கையோடு, அலமாரி மேலிருக்கும் பலகையையும் இறக்கி அஞ்சடியில் விரித்துவையுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எதிரில் உட்கார்ந்து, "ஏன் தாயி இந்தக் காயை நகர்த்தினே?" என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கக் கருவாட்டுக்குத் தெரியாது.